பால்மாவு டின் மேலே ஸ்கிரீன்

கிளேபாங்கில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கம்ப்யூட்டர் ஸ்கிரீன் ரொம்பத் தாழ்வு. குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டது. இன்று காலை இரண்டு காலி பால்மாவு டின்களை அடியில் வைத்து உயர்த்தினேன்.

மேனேஜர் அக்கா வந்தார். "என்னம்மா இது? பார்க்க வர்ற குடும்பத்துக்காரங்க என்ன நெனைப்பாங்க? எடுத்துரு லா."

"ஸ்டேண்டு வாங்கிக் குடுங்கக்கா, எடுத்துடறேன்."

"பட்ஜெட் இல்ல லா."

"அப்போ டின் இருக்கட்டும். இந்தக் கழுத்த வெச்சுக்கிட்டுத்தான் நான் பெரியவங்கள கட்டில்லேருந்து தூக்கணும்."

பக்கத்தில் வீல்சேரில் இருந்த தாத்தா ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "பால குடிச்சு டின்ன காலி பண்ணுனது நானு. எடுக்கணும்னா என்னைக் கேளு."

அக்கா திரும்பிப் போய்விட்டார்.

டின் நாளைக்கும் அங்கேதான் இருக்கும். உங்கள் ஸ்கிரீனுக்கு அடியில் என்ன இருக்கிறது? படம் போடுங்கள், அக்காவுக்கு அனுப்புகிறேன்.