ராணியம்மாவின் சொந்தக் குரல்

ராணியம்மாவின் கிரீடம் ஓர் இட்லித் தட்டு. குழிகளைக் கவிழ்த்துப் போட்டு, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, இரண்டு பக்கமும் சைக்கிள் கம்பியைச் செருகினால் வேற்றுக்கிரகத்து மகாராணி தயார். வெயிலில் அது கொதிக்கும். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் அதைக் கழற்றி, ஈரத் துண்டால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, “உள்ள மாவு ஊத்துனா வெந்துடும் போல இருக்குது டைரக்டரே” என்று என்னிடம் சொல்வார். நான் டைரக்டர் இல்லை. மூன்றாவது உதவி இயக்குநர், அதாவது குடை பிடிப்பவன். யூனிட்டில் என்னை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். கேலி என்று தெரிந்தும் அந்த ஒரு வார்த்தைக்காக விடியற்காலையிலேயே எழுந்து ஓடுவேன்.

எண்பத்தொன்பதில் தொடங்கி அடுத்தடுத்து மூன்று படங்கள் எடுத்தோம். எங்களுக்குள் அவற்றுக்குக் ‘கிரகத்துப் படங்கள்’ என்று பெயர். பூமியிலிருந்து ஒருவன் வழிதவறிப் போவான். அங்கே பெண்கள் மட்டுமே இருப்பார்கள். துணிக்குப் பஞ்சமான கிரகம். கதை அவ்வளவுதான், மூன்றுக்கும் அதே கதைதான். திருவண்ணாமலைக்கு வெளியே செங்கம் சாலைப் பக்கத்துப் பாறைகள்தான் கிரகம். கேமராமேன் பக்திமான். ‘இந்த மாதிரிப் படத்துல அண்ணாமலையார் மலை தெரியக்கூடாது’ என்று பிடிவாதமாக இருந்தார். மலைக்கு முதுகைக் காட்டியேதான் கேமரா நிற்கும். அதனால் எங்கள் கிரகத்துக்கு ஒரே ஒரு திசைதான் உண்டு. துரத்துகிறவனும் ஓடுகிறவளும் அந்தப் பக்கமாகவே ஓடுவார்கள்.

ராணியம்மா கீழ்பென்னாத்தூர்க்காரர். அப்போது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஊர் ஊராக நாடகம் போட்டுக்கொண்டிருந்தவரை உயரத்தைப் பார்த்துக் கூட்டிவந்திருந்தார்கள். உடுப்பு குறைவாக இருக்கிறதே என்று ஒருநாளும் அவர் அழுததில்லை. “ஒடம்பு என்னுது, வேஷம் ராணியுது” என்பார். எழுதிக்கொடுத்த செந்தமிழ் வசனம் மட்டும் அவர் வாயில் நிற்காது. தன் பேச்சில் மாற்றித்தான் சொல்வார். இயக்குநர் கவலைப்படவில்லை. சென்னைக்குப் போனதும் வேறொரு பெண்ணின் கம்பீரமான குரலைப் போட்டுவிட்டார். திரையில் உதடு ஒரு பக்கம் போகும், வார்த்தை இன்னொரு பக்கம் போகும். முதல் படத்தை யூனிட்டோடு பார்த்துவிட்டு வெளியே வந்தபோதுதான் அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். “மானம் போனா போவுதுன்னு நின்னேன் டைரக்டரே. கடைசியில பேசறது எவளோ” என்றார். மூன்று படத்திலும் அதே கதிதான்.

அதன்பிறகு பதினாலு வருடம் நான் அவரைப் பார்க்கவில்லை. நினைக்காத வாரம் உண்டா என்று கேட்டால், பொய் சொல்ல மனமில்லை.

திடீரென்று தயாரிப்பாளருக்கு அந்தப் படங்களை மறுபடி உயிர்ப்பிக்கும் ஆசை வந்தது. புதுக் கதாநாயகி, கம்ப்யூட்டரில் செய்த ராக்கெட், நடுவே ஃப்ளாஷ்பேக்காகப் பழைய படத்திலிருந்து சில காட்சிகள். அதற்கு ராணியம்மாவின் கையெழுத்து வேண்டும். “உன்கிட்டதான்யா அந்தம்மா நல்லா பேசும்” என்று என்னை அனுப்பினார். திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கத்தில் ராணியம்மா தன் மாடி அறைகளை வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இத்தனை வருடம் கழித்து வெறுங்கையோடு போகக்கூடாதே என்று கோயில் பக்கத்துக் கடையில் பழம் கேட்டேன். கடைக்காரர் பழக்கதோஷத்தில் வெற்றிலை, பாக்கு, பூ எல்லாம் வைத்து ஒரு சின்னத் தட்டோடு கட்டிக் கொடுத்துவிட்டார். நானும் யோசிக்கவில்லை. சினிமாவில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் யோசித்திருக்க வேண்டும்.

கதவைத் திறந்தவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கிழக்கே பார்த்து நின்று, இரண்டு கையாலும் வாங்கினார். சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத் திரும்பியபோது முகம் பளபளவென்றிருந்தது. “வருவீங்கன்னு தெரியும் டைரக்டரே. டெய்லி மலை சுத்துறேன். கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கிறேன், ஒரு மாசத்துல எறக்கிடுவேன். ஆனா ஒரே கண்டிஷன். இந்த வாட்டி நாந்தான் பேசுவேன்.”

தாம்பூலம் வைத்து நடிக்க அழைக்க வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். ‘இல்லை ராணியம்மா’ என்று சொல்ல எனக்கு வாயிருந்தது, மனமில்லை. நான் நீட்டிய காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நான் காபி குடித்துவிட்டு வந்தேன். என் வாழ்நாளில் செய்த கோழைத்தனங்களில் முதலிடம் அதற்குத்தான்.

தயாரிப்பாளரிடம் மன்றாடினேன். ஒரு காட்சி கொடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பழைய காட்சிகளுக்காவது அவரையே பேசவிடுங்கள் என்றேன். பழைய படத்தின் ஒலி எப்படியும் கெட்டுப்போயிருந்தது. “அந்தம்மாகிட்ட பேச்சை யாருய்யா கேட்டா?” என்று அவர் சிரித்தார். ஊமைக் காட்சிகளாகவே விட்டு அடியில் லேசாக ஒரு புல்லாங்குழலைப் போட்டார்கள். ராணியம்மாவுக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். படம் வெளியான அன்றுதான் நேரில் போனேன்.

“பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் பாத்தேன்” என்றார். “அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருக்குது.”

“அன்னிக்கு வெறுங்கையோட வரக்கூடாதுன்னுதான் பழம் வாங்கினேன் ராணியம்மா. தாம்பூலம் இல்ல அது.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்து முகத்தைத் துடைத்தபோது துடைக்கக் கண்ணீர் இருந்தது. “அத அன்னிக்கே சொல்லியிருந்தா, நாலு மாசமா கண்ணாடி முன்னால நின்னு பேசியிருக்க மாட்டேன் இல்ல” என்றார். அவரே எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். “வாங்க, எந்தத் தியேட்டரு?”

காலைக் காட்சி. அவரைத் தவிர அங்கே பெண்களே கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். இடைவேளைக்குப் பிறகு அந்தப் பழைய காட்சி வந்தது. பாறை, பச்சை வெளிச்சம், வழிதவறியவன். ராணி வாயசைத்தாள், புல்லாங்குழல் மட்டும் கேட்டது. முன்னால் யாரோ “சவுண்டு!” என்று கத்தினார்கள்.

பக்கத்திலிருந்து ராணியம்மா பேசினார். எழுந்து நிற்கவில்லை, கத்தவில்லை. நாடகக் கொட்டகையின் கடைசி ஆள்வரை கேட்கவைத்த குரல் அது. “பூமியில இருந்து வந்தவனே, ஒன் கப்பல்ல எண்ணெ தீந்துட்டுது. என் ஆசதான் தீரல. போவணும்னா போ. ஆனா நான் இன்னும் இங்கதான் இருக்கிறேன்னு போற எடத்துலல்லாம் சொல்லு.”

அன்று பாறைமேல் நின்று அவர் சொன்னதும் இதே வார்த்தைகள்தான். குடை பிடித்துக்கொண்டு நின்ற எனக்குத் தெரியும். இப்போது உதடும் குரலும் ஓர் இழைகூட விலகவில்லை. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். “டேய் சும்மா இரு, கரெக்டா இருக்குதுடா” என்று பக்கத்திலிருந்தவன் அவனை அடக்கினான். காட்சி முடிகிறவரை யாரும் பேசவில்லை.

புதுப் பெண் ராக்கெட்டிலிருந்து இறங்கியதும் அவர் என் கையைத் தட்டினார். “முடிஞ்சிது, போலாமா டைரக்டரே?”

இன்று அந்தப் பழைய படங்கள் மூன்றையும் ஒரே சிடியில் போட்டுப் பிளாட்பாரத்தில் விற்கிறார்கள். யாரோ தேடிப்பிடித்து ஒலியைச் சரிசெய்துவிட்டார்கள். அதே கம்பீரமான இரவல் குரல். வாங்கிப் பார்க்கிறவர்கள் ராணி அப்படித்தான் பேசினாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அன்று அந்தக் காலைக் காட்சியில் முப்பது பேர் இருந்திருப்போம். ராணியம்மா பேசியதைக் கேட்டவர்கள் நாங்கள் முப்பது பேர்தான்.