கப்பலில் முன்வரிசை சோபா

எழுத வராதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஓய்வு பெற்ற கடற்படை அதிகாரிகளின் பழைய நினைவுகளை யாரோ பேசவைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். என் மகன் போனில் போட்டுக் காட்டினான். புயல், போர், வெளிநாட்டுத் துறைமுகம் என்று அழகாகப் பேசுகிறார்கள். அவர்கள் மனைவிமார் கப்பலில் நடந்த விருந்துகளைப் பற்றிச் சொல்கிறார்கள். அப்படி ஒரு விருந்துக்கு நானும் ஒருமுறை போயிருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கும் ஆசை வந்துவிட்டது.

எங்கள் அப்பா நேவி. செம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கும்தான். பீரங்கி சுடுகிறவர் என்று நானாக முடிவு செய்து நாலாம் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். லீவில் வந்தபோது அது அப்பா காதில் விழுந்தது. இல்லை என்று அவர் சொல்லவில்லை, சிரித்தார்.

அந்த வருடம் அவருடைய கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. குடும்பத்தாரையெல்லாம் விருந்துக்கு அழைத்திருந்தார்கள். அம்மாவிடம் நல்ல புடவை இல்லை. பேங்க் மாப்பிள்ளையைக் கட்டியிருந்த சித்தி தன் ஜார்ஜெட் புடவையையும் கைப்பையையும் கொடுத்தாள்.

"கறை படாம கொண்டாந்துடுக்கா. இன்னும் ஒருதரம்கூட நான் கட்டல."

தாம்பரத்தில் ரயில் ஏறியதிலிருந்து பீச் ஸ்டேஷன் வரை அம்மா முதுகைச் சாய்க்கவே இல்லை.

கப்பலின் மேல்தளத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அங்கே உட்காருவதற்கு ஒரு முறை உண்டு. முன்னால் சோபா, அதிகாரிகள் வீட்டாருக்கு. பின்னால் நாற்காலிகள், அடுத்த படியில் உள்ளவர்களுக்கு. மிச்சப்பேர் ஓரமாக நிற்க வேண்டும். கணவனுடைய பதவி எதுவோ அதுதான் மனைவியின் இடம். அம்மாவுக்கு இது தெரியும். ஆனால் ஏறும் இடத்தில் நின்ற பையன் புதிதாகச் சேர்ந்தவன். புடவையைப் பார்த்தான், கைப்பையைப் பார்த்தான், விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து எங்களை நேராக முன்வரிசைக்குக் கூட்டிப்போய்விட்டான். அவன் பேசிய இந்தியில் அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. மறுக்க பாஷை இல்லாமல் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் இருந்த அம்மாள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க இருக்கீங்க? குவார்ட்டர்ஸ்லயா?"

"இல்லீங்க, தாம்பரம் பக்கம்."

"ஓ, ஏர்ஃபோர்ஸ் பக்கமா?"

"பக்கம்தாங்க," என்றாள் அம்மா. அது பொய்யில்லை.

"ஹஸ்பண்ட் என்ன பிராஞ்ச்?"

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது எங்களுக்கு முன்னால் ஒரு தட்டு வந்து நின்றது. தட்டில் ஆரஞ்சு ஜூஸ் டம்ளர்கள். தட்டைப் பிடித்திருந்தவை வெள்ளைக் கையுறை போட்ட கைகள். நிமிர்ந்து பார்த்தேன். அப்பா.

அவர் அம்மாவைப் பார்த்தார். தட்டு ஆடவில்லை.

"ஜூஸ், மேடம்?"

அம்மா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டாள். "தேங்க்ஸ்."

"பேபிக்கு?"

என்னைக் கழுதை என்றுதான் அப்பா கூப்பிடுவார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இதுல ஐஸே இல்லையே. போய் எடுத்துட்டு வாப்பா," என்று அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "இதோ மேடம்," என்று அப்பா போனார், ஐஸோடு வந்தார். அவர் திரும்பி வந்தபோதும் நான் நிமிரவில்லை. என் மணிக்கட்டை அம்மா இறுக்கிப் பிடித்திருந்தாள். என்னைப் போலவே அவளுக்கும் வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அனுமதி வாங்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மேடம், காபி கிடைக்குமா?" என்றார். அம்மா சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"என் வீட்டுக்காரர்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள மேடம்னுட்டீங்க."

"சொல்லியிருந்தா அத்தனை பேர் எதிர்ல உன்னை எழுப்பி விட்டிருப்பாங்க. பின்னால ஒரு நாற்காலி காலி இல்ல. ரெண்டு மணி நேரம் நின்னிருப்ப."

"நான் எழுந்திருந்தா அந்தப் புதுப் பையனுக்கும் திட்டு விழுந்திருக்கும்."

"அவனுக்கு மட்டுமா, எனக்கும்தான். ஜூஸ் எப்படி இருந்தது?"

"எங்க குடிச்சேன்? தங்கச்சி புடவையில கொட்டிடும்னு கையிலயே வச்சிருந்தேன்."

மறுபடி இருவரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் அவளைத் தெரியாதவள் போல விட்டார், அவளும் அவரைத் தெரியாதவர் போல விட்டாள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னைக் கூப்பிட்டார். பேபி என்று கூப்பிடவில்லை, கழுதை என்றுதான் கூப்பிட்டார். நான் போகவில்லை.

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் விட்டுவிடவில்லை, அங்கே தலையைக் குனிந்தது நான் ஒருத்திதான் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அப்பா விடிவதற்கு முன்பே கப்பலுக்குப் போய்விட்டார். அம்மா புடவையை மடித்துச் சித்தியிடம் கொடுத்தாள். வகுப்பில் டீச்சர் கப்பலில் என்ன பார்த்தாய் என்று கேட்டார். பீரங்கி என்றேன்.