டெய்சி சேச்சியின் ஆள்காட்டி விரல்

திரையில் விரலை வைத்து, வரிவரியாக உதடசையப் படிக்கிறார் டெய்சி குருவிளா. விரலில், சாயாவோடு தின்ற பழம்பொரியின் எண்ணெய். எங்கள் கொச்சி அலுவலகத்தில் எண்ணெய்க் கோடு விழுந்த திரை அவருடையது ஒன்றுதான். பதினோரு ஆண்டுகளாக அடுத்த நாற்காலியில் இருக்கிறேன். துடைத்துக் கொடுத்தும் பார்த்தாயிற்று.

நாங்கள் ரத்த வங்கிகளுக்கு மென்பொருள் செய்கிறோம். பாதிதான் எங்கள் எழுத்து. மீதி, யார் யாரோ எழுதி உலகுக்குப் பொதுவாக வைத்த நிரல் தொகுப்புகள்; லைப்ரரி என்போம். அவர்கள் திருத்தித் திருத்திப் புதிய பதிப்பு வெளியிடுவார்கள். நாமும் மாறவேண்டும், மாறாவிட்டால் பழைய ஓட்டை வழியே திருடன் வருவான். மற்றவர்களுக்கு இது ஒரே கட்டளையில் முடிகிற வேலை. சேச்சிக்குச் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு லைப்ரரிதான். மாற்றக் குறிப்பு முழுவதையும் படிப்பார். எங்கள் நிரலில் அது தொடும் இடங்களைத் தேடுவார். பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் தேதியும் காரணமும் எழுதுவார். எழுத்துரு லைப்ரரி ஒன்றுக்காக ஒரு செவ்வாய் மதியச் சோறு ஆறிப்போனது. கூட உட்காரவைக்கப்பட்ட என்னுடையதும்தான்.

போன வியாழன். மறுநாள் காலை ஒரு மருத்துவமனையில் எங்கள் மென்பொருளை நிறுவவேண்டும். லைப்ரரிகளின் பதிப்பு எண்களைப் பூட்டிவைக்கும் கோப்பில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கைவைத்ததில் முரண்பாடு. குழுத்தலைவன் சிஜோ கோப்பையே அழித்துப் புதிதாக உண்டாக்கினான். முரண்பாடு போயிற்று. கூடவே எழுபத்துமூன்று லைப்ரரிகள் சத்தமில்லாமல் புதிய பதிப்புக்குத் தாவிவிட்டன. எண்களை மனப்பாடமாக வைத்திருக்கும் சேச்சி பார்த்துவிட்டார்.

"எழுபத்துமூணு பேரு வீட்டுக்குள்ள வந்திருக்காங்க மோனே. ஒருத்தர் மூஞ்சியாவது பாத்தியா?"

"எல்லா டெஸ்டும் பாஸ், பச்சை காட்டுது, சேச்சி."

"நாம கேட்ட கேள்விக்குப் பச்சை. கேக்காததுக்கு?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரங்க என்னையில்ல கேப்பாங்க. உங்களுக்கென்ன, செவ்வாய்க்கிழமை வந்தாப் போதும்."

சேச்சி திரைக்குத் திரும்பினார். பழைய கோப்பை மீட்டெடுத்து, ஒவ்வொன்றாக உள்ளே விடத் தொடங்கினார். நாலு மணிச் சாயா வந்தது.

"உங்க செவ்வாய்க் கணக்குல ஒண்ணரை வருஷம் ஆகும், சேச்சி," என்றேன்.

"நீ கிளம்பு. உன் பஸ் போயிடும்."

பஸ் போயிற்று. ராத்திரி வந்த முப்பத்தொன்றாவது, தேதிகளைக் கணக்கிடும் லைப்ரரி. விரல் நின்றது. மிச்ச நாள் கணக்கில் இதுவரை சேர்க்காமல் விட்ட அரைகுறை நாளை இனி முழு நாளாக எண்ணுவார்களாம். அப்படியே நிறுவியிருந்தால், மதியம் காலாவதியாகும் ரத்தப் பைக்கு, காலையில் எங்கள் திரை 'இன்னும் ஒரு நாள்' என்று காட்டியிருக்கும். அதை நம்பி யாரோ ஒரு நர்ஸ் மாலையில் அந்தப் பையை எடுத்திருப்பார்.

சிஜோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். பழைய பதிப்பு எண்ணை அவனே திரும்ப அடித்தான். பக்கத்தில் காரணத்தையும் எழுதினான், கேட்காமலே. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"அதான் கெடச்சிருச்சே சேச்சி. கிளம்பலாமா?"

சேச்சி விரலைத் துப்பட்டாவில் துடைத்து, முப்பத்திரண்டாவது வரியில் வைத்தார்.