மாமாவின் இரவுக் கடல்

வெள்ளவத்தையில் கீழ்வீட்டுப் பிள்ளை அட்டையில் கோந்து பூசி லேஸ் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த மணம் என்னை நாங்கள் முன்பு இருந்த கொட்டாஞ்சேனை வீட்டுக்கு இழுத்துப்போனது. கூடவே நினைவில் மாமாவும் வந்தார். வராமல் இருந்திருக்கலாம்.

அங்கே அக்கா மீன்செதில், சாக்குத் துண்டு எல்லாம் அட்டையில் ஒட்டி வார்னிஷ் அடிப்பாள். காய்ந்ததும் அதன்மேல் மை பூசி, மிஞ்சிய மையைத் துணியால் துடைத்து, ஈரத்தாள் வைத்துக் கரண்டி முதுகால் தேய்ப்பாள். தாளை உரித்தால் அதில் செதில் செதிலாகக் கடல் அச்சாகி விரிந்திருக்கும்.

"குப்பையை ஒட்டி வீட்டை நாறடிக்கிறாய்" என்பார் மாமா. அவருக்குக் கலை என்றால் கலண்டர் படம்தான்.

ஒருநாள் அவருடைய மேலதிகாரி வீட்டுக்கு வந்தார். சுவரில் இருந்த கடல் படத்தைப் பார்த்து, "இது ஆர் செய்தது?" என்றார். அக்கா தேத்தண்ணியோடு நிற்கிறாள். மாமா கூசாமல், "என்ர கைவேலைதான் சேர்" என்றார்.

"அப்ப எனக்கும் ஒண்டு செய்து தாருமன்."

அவர் போனதும் மாமா குழைந்தார். "பிள்ளை, ஒண்டு அடிச்சுத் தாவன்."

"உங்கட கைவேலைதானே மாமா. அட்டை மேசையில கிடக்குது."

பெரிய கலைஞர்! மை பூசினார், துடைக்கத் தெரியவில்லை. தாள் முழுக்க ஒரே கறுப்பு. அதையே சட்டம் போட்டுக் கொடுத்து, "இரவுக் கடல், சேர்" என்றாராம். அந்த மேதாவியும் தலையாட்டி வாங்கி வீட்டில் மாட்டினாராம்.

அதன்பிறகு அக்காவின் எந்தப் படமும் அவள் பெயர் எழுதாமல் சுவரில் ஏறவில்லை.

கீழ்வீட்டுப் பிள்ளையிடமும் முதல் படத்திலேயே பெயரை எழுதச் சொன்னேன். வீட்டில் மாமா இருக்கிறாரா என்று கேட்கவில்லை. எந்த வீட்டில்தான் இல்லை?