பசுவின் காலும் என் காலும்

நான் மிருக வைத்தியராக வேலைக்குச் சேர்ந்த புதிது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மரியக்காவின் பசு, சரிவில் வழுக்கி விழுந்து எழும்பாமல் கிடந்தது. பின்னங்காலைத் தடவிப் பார்த்தேன். எலும்பு முறியவில்லை, தசைதான் பிசகியிருந்தது. பரீட்சைக்குப் பாடமாக்கிய பழக்கத்தில், "கஸ்ட்ரொக்னீமியஸ்" என்றேன்.

மரியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "பொழைக்காதா மிஸ்? அந்தோனியாருக்கு நேர்ந்துக்கவா?"

ஆங்கிலத்திலேயே படித்த எனக்கு அந்தத் தசைக்குத் தமிழ் வாயில் வரவில்லை. குனிந்து என் காலையே பிடித்துக் காட்டினேன். "இந்த இடந்தான் அக்கா. சுளுக்கு."

"கெண்டக்காலா?" அவர் அப்படியே லயத்துப் படியில் உட்கார்ந்து சிரித்தார். "மல ஏறி எறங்குற எங்களுக்கு அது தெனம் புடிக்கிறதுதானே மிஸ்."

நான் சொன்னபடி பசுவுக்கு அடியில் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பினார். அன்று மாலை பசுவின் காலுக்கு எண்ணெய் தேய்த்த கையோடு தன் காலுக்கும் தேய்த்துக்கொண்டார். சில நாட்களில் பசு எழும்பி நின்றது. அந்தோனியாருக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றினாராம்.

இப்போதும் மாட்டுக்காரர்களிடம் ஒரு தசையைப் பற்றிப் பேச வாய் திறக்குமுன், என் கை என் உடம்பில் அந்த இடத்தைத் தொட்டுவிடுகிறது.