நீலத் தார்ப்பாயும் மஞ்சள் மணப்பெண்ணும்

1. நாலு பத்து

செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்கு அந்த அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழித்தேன். மதுரை பிரிண்டிங் லேபிலிருந்து பஸ்ஸில் வந்த பார்சல். உள்ளே ஒரு கல்யாண ஆல்பம், நாற்பது ஷீட். முதல் பக்கத்தைத் திறந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மணப்பெண்ணுக்கு மஞ்சள் காமாலை கண்டதுபோல இருந்தது. அடுத்த பக்கத்தில் அவள் அம்மாவுக்கும். பக்கம் புரட்டப் புரட்ட, அந்தக் குடும்பத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் அதே நோய். நிழல் விழுந்த இடமெல்லாம் கரி பூசினாற்போல் கறுத்திருந்தது.

உண்மையில் தப்பு மூன்று வாரம் முன்பே தொடங்கிவிட்டது. எனக்குத் தெரிந்ததுதான் நாலு பத்துக்கு.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் படம் எடுப்பேன், ஆல்பமும் நானே டிசைன் செய்வேன். முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்துப் படங்கள் பெரும்பாலும் என்னிடம் வரும். எடுப்பது பெண், டிசைன் செய்வதும் பெண் என்ற நம்பிக்கைதான் காரணம். அந்தப் படங்களுக்கென்று நான் வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு. ஒரு படம்கூட யார் போனுக்கும் போகாது. பிரிண்டுக்கு முன் புரூஃப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுப் பெண்கள் கடைக்கு வந்து என் ஸ்கிரீனில் பார்க்க வேண்டும். லேபிலும் பிரிண்ட் முடிந்தவுடன் ஃபைலை அழித்துவிடச் சொல்லிவிடுவேன். தெருவில் போகிறவர் கண் படாமல் இருக்க, கடையின் கண்ணாடி முகப்பில் பாதி உயரத்துக்குத் திரையும் போட்டிருக்கிறேன்.

இந்த ஆல்பம் ஜமீலாவின் மகள் ஷமீமாவுடையது. ஷமீமாவின் வாப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மகள் கல்யாணத்துக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. முதலாளி கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டாராம். இப்போதுதான் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை திருவனந்தபுரத்தில் இறங்கி, மதியத்துக்குள் புளியறை செக்போஸ்ட் தாண்டி வீட்டுக்கு வந்துவிடுவார். போனில் துண்டு துண்டாகப் பார்த்தது போக, அந்தக் கல்யாணத்தை அவருக்குக் காட்டுவதற்கு இருந்தது இந்த ஆல்பம் ஒன்றுதான்.

எனக்கும் ஒரே மகள். தாரணி, கோயம்புத்தூரில் டிசைன் படிக்கிறாள். அவள் முதல் வருட விழாவில் பரிசு வாங்கியபோது நான் இங்கே வேறு ஒருவர் கல்யாணத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதனால்தானோ என்னவோ, அந்த மஞ்சள் முகங்களைப் பார்த்ததும் ஷமீமாவின் வாப்பா நினைப்புதான் முதலில் வந்தது.

2. ஷோரூமில் பார்த்த கிளி

ஆல்பத்தை மூடிவிட்டு லேப்டாப்பில் ஃபைலைத் திறந்தேன். ஸ்கிரீனில் எல்லாம் அழகாக இருந்தது. சந்தேகமே இல்லை, லேப் செய்த தவறுதான் என்று போன் போட்டேன். மெஷின் ஓட்டும் தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"அக்கா, உங்க ஆல்பத்துக்கு முன்னாடி ஓடுனதும் நல்லாருக்கு, பின்னாடி ஓடுனதும் நல்லாருக்கு. மெஷினுக்கு உங்க மேல மட்டும் என்னக்கா கோவம்? உங்க ஸ்கிரீனப் பாருங்க."

அந்த ஸ்கிரீன் புதுசு. பளபளப்பில்லாத மேட் ஸ்கிரீன் வைத்த என் பழைய லேப்டாப்பை, படிப்புக்கு ஆகட்டும் என்று தாரணியோடு அனுப்பிவிட்டேன். போன மாதம் கடைக்குப் புதிதாக ஒன்று வாங்கத் திருநெல்வேலிக்குப் போனேன். ஷோரூமில் மேட் ஒன்றும் கண்ணாடிபோல் பளபளக்கும் கிளாசி ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் ஒரே வீடியோ, ஒரு பச்சைக்கிளி. கிளாசியில் அந்தக் கிளி எழுந்து பறந்துவிடும் போலிருந்தது. மேட்டில் அதே கிளி நாலு நாள் பட்டினி கிடந்ததுபோல் இருந்தது.

"டிசைனிங் ஒர்க்குன்னா கிளாசிதான் மேடம். கருப்பு கருப்பாவே தெரியும்" என்றார் விற்பனையாளர். அவர் சொன்னது பொய்யில்லை. இருட்டு அறையில் அது உண்மைதான். என் கடை இருட்டு அறை இல்லை.

அங்கிருந்தே தாரணிக்கு போன் செய்தேன்.

"அம்மா, நீ வாசலுக்கு முதுகு காட்டிட்டுதான உக்காருவ? மேட் வாங்கு."

"மேட்ல எல்லாம் சாம்பல் பூத்தாப்ல இருக்குடி."

"அப்போ எதுக்கு என்கிட்ட கேக்குத? நீ முடிவு பண்ணிட்டுதான போன் பண்ணிருக்க?"

ஆமாம். முடிவு பண்ணிவிட்டுத்தான் கேட்டேன்.

பார்சல் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையே ஜமீலா வீட்டுக்குப் போனேன். மறைத்துவிட்டு வேறு காரணம் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்தேன். லேபில் மெஷின் ரிப்பேர், மழையில் பஸ் தாமதம், இப்படி நாலைந்து கைவசம் இருந்தன. அவள் கதவைத் திறந்ததும் அத்தனையையும் விட்டுவிட்டேன். ஆல்பத்தை எடுத்து நீட்டிவிட்டேன்.

ஜமீலா இரண்டு பக்கம் புரட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நல்லா இருந்த புள்ளைக்கு வைத்தியம் பாக்க வச்சிட்டியளே அக்கா."

"வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்தித் தாரேன் ஜமீலா."

"நாலு வருசம் கழிச்சு வாராக அக்கா. வந்து இறங்குனதும் மொதல்ல இதத்தான் கேப்பாக. நீங்க ஏலாதுன்னா இப்பவே சொல்லிருங்க, நான் அவுககிட்ட எதையாவது சொல்லிச் சமாளிக்கேன்."

"ஏலும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எப்படி என்று தெரியாது. எங்கே தப்பு என்றுகூட அப்போது தெரியாது.

3. அண்ணாச்சி கட்டை அவிழ்த்தார்

புதன்கிழமை காலை கடையைத் திறந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆல்பத்தை மேஜையில் விரித்து, அதே பக்கத்தை ஸ்கிரீனிலும் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆல்பத்தில் மஞ்சள். ஸ்கிரீனில் நல்ல நிறம்.

பதினோரு மணி வாக்கில் சாரல் நின்று சுள்ளென்று வெயில் அடித்தது. திடீரென்று, நான் மவுஸைத் தொடாமலே, ஸ்கிரீனில் ஷமீமாவின் முகம் மஞ்சளானது. என் கண்ணெதிரே. நிழல்களும் இருண்டன. லேப்டாப்தான் கெட்டுவிட்டது என்று பயந்து திரும்பிப் பார்த்தேன்.

எதிர்க்கடை முருகையா அண்ணாச்சி, சிப்ஸ் கடைக்காரர், தன் கடை முன்னால் சாரல் சீசனுக்காகக் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். கூரையிலிருந்து கரண்ட் கம்பம் வரை உயரத்தில் இழுத்துக் கட்டியிருந்த தார்ப்பாய். என் பாதித் திரைக்கு மேலே, கண்ணாடி வழியாக அது முழுசாகத் தெரியும். லேப்டாப் ஸ்கிரீனைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துத்தான் எல்லோரும் வைப்போம். சாய்ந்த கிளாசி ஸ்கிரீனில் அந்த நீலம் பூராவும் மெல்லிய படலமாக விழுந்திருக்கிறது. மூன்று வாரமும்.

நான் வாசலுக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி! அத மறுபடி கட்டுங்க!"

"எதுக்கும்மா? வெயிலு அடிக்குல்லா?"

"ஒரு நிமிசம் கட்டுங்களேன், அண்ணாச்சி."

"நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்த" என்று முனகிக்கொண்டே ஒரு முனையை மட்டும் தூக்கிக் கம்பத்தில் மாட்டினார். நான் உள்ளே ஓடினேன். முகம் நல்ல நிறத்துக்கு வந்தது. "அவுத்துருங்க அண்ணாச்சி!" என்று கத்தினேன். மஞ்சள். "கட்டுங்க!" நல்ல நிறம். மூன்றாவது தடவை அவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, நேந்திரங்காய் வறுக்கும் எண்ணெய் காந்துகிறது என்று உள்ளே போய்விட்டார்.

நடந்தது இதுதான். நீலப் படலம் விழுந்ததால் முகங்கள் வெளிறி நீலமாகத் தெரிந்தன. நான் ஒவ்வொரு படத்திலும் மஞ்சளைக் கூட்டினேன். கருப்பு புகைமூட்டமாகத் தெரிந்தது. கான்ட்ராஸ்டை ஏற்றினேன். தார்ப்பாயைத் திருத்துவதாக நினைத்து ஷமீமாவைக் கெடுத்தேன். வழக்கமான ஆல்பமாக இருந்தால் புரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பேன், யாராவது போனில் பார்த்து "என்னக்கா மஞ்சளா இருக்கு?" என்று கேட்டிருப்பார்கள். இந்தப் படங்கள் என் ஸ்கிரீனைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஜமீலா வந்து ஓகே சொன்னதும் அதே நாற்காலியில், அதே பட்டப்பகலில், அதே தார்ப்பாய்க்கு முதுகு காட்டி உட்கார்ந்துதான். தெருவின் கண் படக்கூடாது என்று திரை போட்டவளுக்குத் தெருவின் வெளிச்சம் படும் என்று தோன்றவில்லை.

4. ஷமீமாவின் கை

லேபுக்கு வியாழன் மதியத்துக்குள் ஃபைல் போனால்தான் வெள்ளி காலை பஸ்ஸில் ஆல்பம் வரும். வேறு லேப்டாப் தேட நேரமில்லை. மேஜையைத் திருப்பிப் போட்டேன். இப்போது ஸ்கிரீன் பார்த்தது உள்சுவரை. அந்தச் சுவரில், பாஸ்போர்ட் படத்துக்கு வைத்திருந்த பேக்ரவுண்ட் துணிகளில் கருப்பைத் தொங்கவிட்டேன். சிவப்புச் சேலையை மாற்றிவிட்டுச் சாம்பல் நிறச் சுடிதார் போட்டுக்கொண்டேன். நம் உடுப்பும் கிளாசியில் விழும். ஸ்கிரீன் பிரைட்னஸைப் பாதிக்கு இறக்கினேன்.

ஆனாலும் என் கண்மேல் எனக்கே நம்பிக்கை போயிருந்தது. ஜமீலாவுக்கு போன் செய்து ஷமீமாவை அனுப்பச் சொன்னேன்.

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பழைய திருத்தத்தையெல்லாம் நீக்கிவிட்டு ஒரு படத்தைப் புதிதாகத் திருத்தி, பாஸ்போர்ட் பிரிண்டரில் சின்னதாகப் போட்டு, அவள் புறங்கையோடு வைத்துப் பார்த்தேன். இன்னும் மஞ்சள். குறைத்தேன். இப்போது சிவப்பு. ஐந்தாவது பிரிண்ட்டில் கையும் படமும் ஒன்றாயின. மாநிறம், கொஞ்சம் கறுப்புப் பக்கம் சாய்ந்த மாநிறம்.

ஷமீமா அந்தப் பிரிண்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, எல்லாருக்கும் கொஞ்சம் வெள்ளையாக்குவியள்ல? மொதல்ல போட்டதுல எனக்கும் ஆக்கியிருந்தியளே."

உண்மைதான். எங்கள் தொழிலில் மணப்பெண்ணை இரண்டு படி வெள்ளையாக்குவது கேட்காமலே செய்வது. செய்யாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

"ஆக்கலாம் புள்ள. நாப்பது ஷீட்டுக்கும் மறுபடி ஒவ்வொரு மொகமா எடுக்கணும். நாளைக்கு மதியத்துக்குள்ள முடியாது. வெள்ளையா வேணுமா, வெள்ளிக்கிழம வேணுமா?"

அவள் சிரித்துவிட்டாள். "வெள்ளிக்கிழம போதும்."

பெரிய கொள்கை எதற்காகவும் நான் அவள் நிறத்தை விட்டுவைக்கவில்லை. நேரமில்லாததால் விட்டேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும்.

அந்த ஐந்தாவது பிரிண்ட்டின் அளவையே எல்லாப் படத்துக்கும் மொத்தமாகப் போட்டு, வியாழன் பதினொன்றரைக்கு ஃபைலை அனுப்பினேன். வெள்ளி காலை பத்துக்குப் பார்சல் வந்தது. வாசலில் நின்றே பிரித்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தேன். நான் கல்யாணத்தன்று பார்த்த ஷமீமா. பத்தரைக்கு ஜமீலாவே ஆட்டோவில் வந்து வாங்கிப் போனாள். நின்று பேசவில்லை. கோழி அடுப்பில் இருக்கிறதாம்.

ஆல்பம் டிசைன் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்தை உங்களால் கட்டுப்படுத்த முடிகிற அறை இருந்தால் கிளாசி வாங்குங்கள், கருப்பும் கலரும் அதில் உயிரோடு இருக்கும். ரோட்டைப் பார்த்த கடை, ஜன்னலோர ஹாஸ்டல் மேஜை, கல்யாண மண்டபம் என்று கிடைத்த இடத்தில் வேலை செய்கிறவர்கள் மேட் வாங்குங்கள். கிளி மெலிந்துதான் தெரியும். பரவாயில்லை. எதை வாங்கினாலும் முதல் நாள் அதை அணைத்துவிட்டு, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கறுத்த ஸ்கிரீனில் என்னென்ன தெரிகிறது என்று பாருங்கள். அதெல்லாம் நீங்கள் செய்யும் ஒவ்வொரு படத்திலும் இருக்கும். ஒரு சின்ன பிரிண்ட் போட்டுப் பார்க்காமல் நாற்பது ஷீட்டை அனுப்பாதீர்கள். தாரணிக்கு அடுத்த வருடம் புது லேப்டாப் வாங்க வேண்டும். இந்தத் தடவை அவள் முடிவு செய்யட்டும், நான் போனில் கேட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமை மாலை கடை வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் நாற்பது ஷீட் ஆல்பத்தின் கனமான மூலை தெரிந்தது. ஜமீலா வீட்டு ஆல்பம். திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

"நான் ஷமீமா வாப்பா" என்றார். "ஒரு படம் சின்னதா வேணும். அங்க வேல பாக்குற ஊர்ல, ரூம்ல தலமாட்டுல வைக்க."

ஆல்பத்தை மேஜையில் விரித்து ஒரு பக்கத்தைத் தேடி எடுத்தார். ஷமீமா தனியாக உட்கார்ந்து, கேமராவுக்குப் பின்னால் நின்ற யாரையோ பார்த்துச் சிரிக்கும் படம். வெயிலில் வேலை செய்த கையைப் படத்தின் பக்கத்தில் வைத்தார்.

"கல்யாணத்தன்னைக்கு போன்ல வீடியோவுல காட்டுனாக. வெள்ளையா, யார் வீட்டுப் பிள்ளையோன்னு இருந்துச்சும்மா. இதுலதான் என் நெறத்துல இருக்கா."