மெயினை இறக்கியும் அடித்த ஷாக்

சலவைக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எர்த் அண்ணன், அவ்வளவுதான். புதிதாக எந்த மெஷின் வந்து இறங்கினாலும், "எர்த் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மனிதர் கொண்டுவந்தவனின் வணக்கத்துக்கே பதில் சொல்வார். மருத்துவமனைப் போர்வைகளும் ஓட்டல் மேசை விரிப்புகளும் மூட்டை மூட்டையாக வந்து விழுகிற இடம் அது. தரையெல்லாம் தண்ணீர், சுவரெல்லாம் கரண்ட். பதினாறு வருஷத்தில் அங்கே ஒருவருக்கும் ஷாக் அடித்ததில்லை என்றால் அதற்கு எலக்ட்ரீஷியனான இவர்தான் காரணம். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம்.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் நம்பர் மெஷின் பக்கம் திரும்பும்போது மண்டைக்குள் சுரீரென்று அடித்தது. கையில் இல்லை, காலில் இல்லை, நேரே மண்டைக்குள். கண்ணை இடப்பக்கம் ஓட்டினால் ஒரு 'ஜிவ்'. வலப்பக்கம் ஓட்டினால் இன்னொரு 'ஜிவ்'. கூடவே தரை லேசாக நழுவுவது போல ஒரு கிறுகிறுப்பு.

"லீக்கேஜ்!" என்று கத்தி மெஷினை நிறுத்தினார்.

யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் அவரிடம் இருந்தது. போன வருஷம் நாலு மாதம் மனிதர் படுக்கையை விட்டு எழவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் படுத்துவிட்டது. மனைவிதான் முகம் கழுவிவிட்டு, சோறு ஊட்டி, மனநல டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். காலையில் ஒரு வெள்ளை மாத்திரை. ஆறேழு வாரத்தில் ஆள் எழுந்து உட்கார்ந்தார், அப்புறம் வேலைக்கும் போனார். அந்த வருஷம் முழுக்க அவள் எங்கேயும் போகவில்லை. இப்போது வெளியூரில் இருக்கும் அவளுடைய அக்காவுக்கு முட்டியில் ஆபரேஷன். நாற்பது நாள் கூட இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள், ஆனாலும் மனசு வரவில்லை. "நீங்க முழுசா தேறிட்டீங்கன்னு தெரிஞ்சாதான் நான் பஸ் ஏறுவேன்" என்றாள்.

இவர் பார்த்தார். தேறிவிட்டேன் என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டாள், அத்தாட்சி வேண்டும். போன சனிக்கிழமையோடு மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார். கிளம்புகிற அன்று பிரிக்காத அட்டையை அவள் கையில் வைத்து, "பார், எட்டு நாளா போடலை, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்வதாகத் திட்டம். நல்ல மனசுக்காரர்தான், யோசனைதான் இப்படி.

மாத்திரையை நிறுத்தியதற்கும் மண்டையில் அடிப்பதற்கும் முடிச்சுப் போட அவருக்குத் தோன்றவே இல்லை. வயரைக் கழற்றிவிட்டால் கரண்ட் வராது. வராத கரண்ட் எப்படி அடிக்கும்? அவருக்குத் தெரிந்த கணக்கு அது.

மூன்றாம் நம்பரைப் பிரித்து மேய்ந்தார். டெஸ்டர் எரியவில்லை, மீட்டர் அசையவில்லை. புதன்கிழமை நாலாம் நம்பரையும் ஐந்தாம் நம்பரையும் நிறுத்தினார். அழுக்குப் போர்வை கூரை வரைக்கும் ஏறியது. இஸ்திரி போடுகிற அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏண்ணே, நான் காலையிலேர்ந்து ஈரத்துல நின்னுட்டு இதைத் தொட்டுட்டுதான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் அடிக்கலையே?"

"உனக்கு மரத்துப்போச்சு."

"எனக்கா மரத்துப்போச்சு? நல்லா இருக்கே கதை!"

வியாழக்கிழமை முதலாளியம்மா வந்து, மருத்துவமனையிலிருந்து போன் மேல் போன் வருகிறது என்றார். அவரிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தாத எர்த் அண்ணன், "அப்ப ஆள் செத்தா பரவாயில்லையா மேடம்?" என்று சீறினார். சீறி முடித்த கையோடு, வடிகட்டியில் சிக்கியிருந்த ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறையை எடுத்தார். பாவம், இன்னொன்று எங்கே போனதோ என்று நினைத்தார். அவ்வளவுதான், பொலபொலவென்று அழுகை. ஒரு காலுறைக்கு இவ்வளவு அழுகையா? அவருக்கே புரியவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பரீட்சையாக எல்லோரையும் வெளியே அனுப்பினார். பேனலில் அவரே சிவப்பு பெயிண்டில் எழுதிவைத்த அறிவிப்பு: 'மெயினை ஒரேயடியாக இறக்காதே. ஒவ்வொரு மெஷினாக நிறுத்து.' அதன்படியே ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் மெயினை இறக்கினார். கட்டடம் முழுக்க இருட்டு. ரப்பர் விரிப்பின் மேல் ஏறி, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் நின்றார். இதற்கு மேல் ஒரு மனிதனை மின்சாரத்திடமிருந்து காப்பாற்ற வழியே கிடையாது. மெல்லக் கண்ணை இடப்பக்கம் ஓட்டினார்.

ஜிவ்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுவரில் இல்லை, மெஷினில் இல்லை, தனக்குள்ளேதான் இருக்கிறது என்றால் அது என்ன? போன வருஷத்தது திரும்பி வந்துவிட்டதா? ஆனால் போன வருஷம் இப்படி அடிக்கவில்லையே? பைத்தியம் என்பது இப்படித்தான் ஆரம்பிக்குமோ? மெயினை ஏற்றிவிட்டு, கையுறையைக் கழற்ற மறந்து அப்படியே வீட்டுக்கு நடந்தார்.

மனைவி பெட்டியில் புடவை அடுக்கிக்கொண்டிருந்தாள். கையுறையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"மெயினையே இறக்கிட்டேன்மா. அப்பவும் அடிக்குது."

உட்கார வைத்துக் கேட்டாள். கிறுகிறுப்பு, அழுகை, கோபம், விடிய விடிய வருகிற கோணல்மாணல் கனவு, எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மாத்திரை?"

டெஸ்டர் வைக்கிற பையிலிருந்து பிரிக்காத அட்டை வெளியே வந்தது. அத்தாட்சியாகக் கொடுக்க நினைத்ததைத் திருட்டுப் பொருள் மாதிரி நீட்டினார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நேரே டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அது பழைய வியாதி இல்லைங்க, பைத்தியமும் இல்லை" என்றார் டாக்டர். "மாத்திரையைப் பட்டுன்னு நிறுத்தினா சில பேருக்கு இப்படித்தான் வரும். தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி இருக்குன்னு நிறைய பேர் சொல்லியிருக்காங்க. இன்னிக்கே பழைய அளவுல மறுபடி ஆரம்பிங்க, திங்கக்கிழமை நேர்ல வாங்க. அதுவரைக்கும் வண்டி ஓட்ட வேண்டாம், ஏணி ஏற வேண்டாம், பேனல் பக்கமே போக வேண்டாம். பின்னாடி நிறுத்தணும்னா நானே மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுத் தர்றேன்."

"மீட்டர்ல ஒண்ணும் காட்டலையே டாக்டர்?" என்றார் எர்த் அண்ணன். டாக்டர் மாத்திரை அளவை இன்னொரு முறை சொல்லிவிட்டு வைத்தார்.

போனை வைத்ததும் மனைவி தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்தாள். "உங்க பேனல்ல சிவப்புல என்னவோ எழுதி வச்சிருக்கீங்களே, அது மெஷினுக்கு மட்டும்தானா?" என்றாள். அவர் மாத்திரையை விழுங்கினார். பெட்டி பாதி அடுக்கியபடி அப்படியே கிடந்தது. அவள் போவாளா மாட்டாளா என்று அவர் பெட்டியை வைத்துக் கணக்குப் போட்டார்.

சனிக்கிழமை பெட்டி நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையம் வரைக்கும் இருவரும் வந்தார்கள். பஸ் வந்து நின்றது. அவள் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள்.

"இன்னும் அடிக்குதா?"

சுத்தமா இல்லம்மா, கல்லு மாதிரி இருக்கேன் என்கிற வாக்கியம் நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. எட்டு நாளாக ஒத்திகை பார்த்த வாக்கியம். அவர் கண்ணை ஒரு முறை இடப்பக்கம் ஓட்டிப் பார்த்தார்.

"அடிக்குது. நேத்துக்கு இன்னிக்குக் கொஞ்சம் கம்மி. பயமாவும் இருக்கு."

"சரி, அப்ப நான் கிளம்புறேன்" என்று பெட்டியை உள்ளே ஏற்றினாள்.

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "என்னம்மா இது, அடிக்குதுங்கிறேன், கிளம்புறேங்கிறே?"

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள்.

"நல்லா இருக்கேன்னு சொல்லியிருந்தீங்கன்னா இறங்கியிருப்பேன்."